முன்வரிசை சத்தத்தைக் குறைக்கச் சொன்ன கச்சேரி

“கச்சேரி முடியறதுக்கு முன்னாடியே விமர்சனம் வந்துடுச்சு மேடம்” என்றான் சதீஷ். நான் வேலை பார்த்த நாளிதழின் பெங்களூர் அலுவலகத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். சபாக்காரர்களே போட்டோவும் நாலு பத்தியும் தயார் செய்து மாலையிலேயே அனுப்பிவிடுகிறார்களாம். ‘இசை வெள்ளத்தில் ரசிகர்கள் நீந்தினர்’ என்று அது முடிகிறதாம். பாடகி அப்போதுதான் வர்ணமே தொடங்கியிருக்கிறார்.

“மேல இருக்கறவங்க அதையே போடுன்றாங்க மேடம். ஆள் அனுப்பற செலவு மிச்சமாம். நாமதான் எழுதணும்னு நான் சண்டை போட்டுட்டு இருக்கேன். ஸ்வல்ப ஹெல்ப் பண்ணுங்க. நல்ல விமர்சனம் எழுதறதுக்கு அஞ்சாறு டிப்ஸ் எழுதிக் கொடுத்தீங்கன்னா காட்டுவேன்.”

டிப்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓய்வு பெற்றால் கோபம் குறையும் என்றார்கள், குறையவில்லை. கச்சேரிக்குப் போக வேண்டும், காது கொடுத்துக் கேட்க வேண்டும், கேட்டதை எழுத வேண்டும். இதில் அஞ்சாறு டிப்ஸுக்கு எங்கே போவது? ஆனால் அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று காட்ட ஒரே ஒரு கச்சேரி போதும். அதைத்தான் எழுதுகிறேன். சதீஷ் யாரிடம் வேண்டுமானாலும் கொண்டுபோய்க் காட்டட்டும்.

நான் கோலார் தங்கவயல்காரி. அப்பா இங்கே கனரக எந்திரத் தொழிற்சாலையில் வெல்டிங் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தார். குவார்ட்டர்ஸில் ஓர் அம்மாள் வீணை சொல்லிக்கொடுத்தார். சில வருஷம் போனேன். எனக்கு வீணை வராது என்பது அந்த அம்மாளுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. விரல் போகாத இடத்துக்கெல்லாம் காது போயிற்று, அந்த லாபம் மட்டும் நின்றது. படித்து முடித்துப் பெங்களூரில் பிழை திருத்துபவளாகச் சேர்ந்தேன். விடியற்காலையில் ரயில் பிடித்துப் பெங்களூருக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பும் தங்கவயல் கூட்டத்தில் நானும் ஒருத்தி ஆனேன். இசைப் பக்கம் எழுதிவந்தவர் ஒரு சீசனில் காய்ச்சலில் படுத்துவிட, ‘உனக்கு ராகமெல்லாம் தெரியுமாமே’ என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். அவர் தேறி வந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். நான் அங்கேயே தங்கிவிட்டேன்.

எனக்கு மேலே இருந்தவர் ஜெயராமன் சார். சிறப்புப் பக்கங்களின் பொறுப்பாசிரியர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எழுதிக்கொண்டு போய் நீட்டினால் வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, கீழே டீக்கடைக்கு வா என்பார். அங்கே போய், “நேத்து நான் வரலைம்மா. என்னா ஆச்சு, சொல்லு” என்பார். டீ ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும். குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டார். மேலே வந்த பிறகுதான் தாளைத் திருப்புவார். கீழே நான் முதலில் சொன்னது தாளில் முதலில் இல்லையென்றால் படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

“எங்கிட்ட சொல்றப்ப, வயலின்காரர் பாட்டுக்காரரையே தூக்கிச் சாப்பிட்டாருன்னு ஆரம்பிச்சே. இங்க குத்துவிளக்கு ஏத்தறதுல ஆரம்பிச்சிருக்கே. அந்த விளக்கு என்னா ராகம் பாடுச்சு?”

அலங்காரமாக எழுதினால் கிண்டல் இன்னும் அதிகமாகும். தேன்மாரி பொழிந்தார் என்று எழுதினால் குடை எடுத்துக்கொண்டு போனாயா என்பார். சபையைக் கட்டிப்போட்டார் என்றால் கயிறு யார் கொடுத்தது என்பார். முதல் வருஷம் ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதிருக்கிறேன். அந்தச் சொற்களையெல்லாம் எடுத்துவிட்டால் கையில் நாலு வரிதான் மிஞ்சும். நான் உண்மையில் கேட்டது அந்த நாலு வரிதான் என்று புரிய ரொம்ப நாள் பிடித்தது. புரிந்த பிறகு அதிகமாகக் கேட்க ஆரம்பித்தேன்.

அவர் வைத்த சட்டங்கள் கொஞ்சம்தான். சபா கேன்டீனில் காசு கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும். கச்சேரிக்கு முன்னாலோ பின்னாலோ பாடுபவரோடு பேசக் கூடாது. ஒரே நாற்காலியில் உட்கார்ந்து கேட்கக் கூடாது. கொஞ்ச நேரம் முன்னால், கொஞ்ச நேரம் நடுவில், கொஞ்ச நேரம் கடைசியில். “முன்னாடி உக்காந்தா மூஞ்சியைப் பாத்து எழுதிடுவேம்மா. பின்னாடி போனா உனக்குப் பாட்டு மட்டும்தான்” என்பார். இடைவேளையில் நான் மூட்டை முடிச்சோடு இடம் மாறுவதைப் பார்த்து, எனக்கு நாற்காலி சரியில்லை என்று நினைத்து மெத்தை கொண்டுவந்து போட்ட சபாக்காரர்களும் உண்டு.

முழுக்க நன்றாக அமைந்த கச்சேரியைப் பற்றி எழுதுவது சுலபம். முழுக்க மோசமான கச்சேரியைப் பற்றி எழுதுவது அதைவிடச் சுலபம், கையே தானாக ஓடும். பாதி கெட்டு, பாதி நன்றாக வந்த கச்சேரியில்தான் உயிர் போகும். கெட்டதை ஒரு வரி அதிகமாக எழுதிவிட்டால் நல்லது அடிபடும். நல்லதை ஒரு வரி அதிகமாக எழுதினால் முகஸ்துதி ஆகிவிடும். அதுவும் பாடுகிறவர் தெரிந்தவராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

தேன்மொழி எங்களுக்கு ரொம்பவே தெரிந்தவள். தங்கவயலில் ஸ்கெலட்டன் என்கிற பகுதியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவளுடைய தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்து மைன்ஸில் டிரில்லிங் மெஷின் பிடித்தவர். அப்பா ஆறுமுகம் அண்ணன் பெங்களூரில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. நானும் அண்ணனும் காலை ரயிலில் ஒரே பெட்டி, எதிரெதிர் சீட். இந்த ரயிலில் யார் எங்கே உட்காருவார்கள் என்பது ஊருக்கே தெரியும்; புதிதாக வந்த ஆள் தெரியாமல் உட்கார்ந்தால்கூட மாரிக்குப்பத்தில் ரயில் கிளம்புவதற்குள் எழுப்பிவிடுவார்கள்.

மைன்ஸ் மூடிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்த சமயம் அது. ஒரு நாள் காலை அண்ணன் முன்னால் குனிந்து ரகசியம் போலச் சொன்னார்.

“தங்கச்சி, பெங்களூர் சபா செக்ரட்டரி ஒருத்தரு நம்ம தேனு பாட்டைக் கேட்டுக்கீறாரு. உங்க ஊரு ராமநவமில பாடட்டும், பேப்பர்ல நல்லா வரட்டும், அப்பால எங்க விழால சாயங்காலக் கச்சேரி தர்றேன்னுட்டாரு. பேப்பர்னா நீதானே. இனிமே உன் கையிலதான் கீது.”

எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. ஜெயராமன் சாரிடம் போய், இந்தக் கச்சேரிக்கு வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றேன்.

“ஏம்மா?”

“பக்கத்துத் தெருப் பொண்ணு சார். அவ அப்பா ஆறுமுகம் அண்ணன் என்னையே நம்பிட்டு இருக்காரு.”

“பெங்களூர்ல பாடறவங்க பாதிப் பேரு என் கல்யாணத்துக்கு வந்தவங்கம்மா. தெரியாதவங்களைப் பத்தி மட்டும் எழுதணும்னா பக்கத்தை வெள்ளையாத்தான் விடணும். போ. தெரிஞ்ச பொண்ணுன்னு கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்.”

ராமநவமிக் கச்சேரி எங்கள் ஊரிலேயே மைசூர் மைன்ஸ் என்கிற சுரங்கத்தின் பக்கம் ஒரு மண்டபத்தில். எங்கள் ஊர்க் கச்சேரிகளில் ஒரு வழக்கம் உண்டு, வெளியூர்க்காரர்கள் மிரண்டுபோவார்கள். முன்வரிசை முழுக்க மெஷின் பிடித்த பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சுரங்கத்துக்குள்ளே வருஷக்கணக்காக மெஷின் சத்தத்திலேயே நின்றவர்கள். பலருக்குக் காது போய்விட்டது. மைக்செட்காரர் தொடங்குவதற்கு முன் “அலோ, அலோ” என்று சொல்லிக்கொண்டே அவர்களைப் பார்ப்பார். கேட்டால் கையைத் தூக்குவார்கள். முன்வரிசை முழுக்கக் கை தூக்கும்வரை சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார். பின்வரிசையில் இருப்பவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டியதுதான். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். முன்னால் இருப்பது அவரவர் அப்பா, மாமா.

அன்றும் எல்லாக் கையும் எழுந்த பிறகுதான் தேன்மொழி வர்ணத்தைத் தொடங்கினாள். நான் முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் இருந்தேன். முதல் வரியிலேயே எனக்குத் திக்கென்றது. அவளுடைய குரல் கனமானது, கீழே நன்றாகப் பேசும் குரல். அன்றைக்கு அதற்குப் பொருந்தாத மேல் சுருதியில் பாடினாள். பெங்களூர் மேடைகளில் பெண்கள் வைத்துக்கொள்ளும் சுருதி அது. அண்ணன் சொன்ன பெங்களூர் சபா செயலாளர் நடுவரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். கல்யாணி ராக ஆலாபனையிலும் அதைத் தொடர்ந்த கீர்த்தனையிலும் மேல் ஷட்ஜத்தை எட்டும்போதெல்லாம் குரல் கிழிந்தது. வேகமான பிருகாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்து விழுந்தன. சத்தம் வேறு அவ்வளவு இருந்ததால், ஒரு சின்னப் பிசிறும் தப்பவில்லை.

முன்வரிசையில் ஒரு பெரியவர் மைக்செட்காரரைப் பார்த்து, “கேக்கல, ஏத்துப்பா!” என்றார். ஏற்றினார். இன்னும் மோசமானது. பக்கத்தில் இருந்தவர், “இன்னாப்பா, பாட்டு வருதா, காத்து வருதா?” என்று கேட்டார். தனக்குள் பேசுவதாக நினைத்துக்கொண்டு மண்டபத்துக்கே கேட்கும்படி கேட்டார். தேன்மொழி முகம் சிவந்துவிட்டது. நான் எழுந்து நடுவரிசைக்குப் போனேன். அங்கும் அப்படித்தான் இருந்தது. செயலாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனம் முடிந்ததும் அவர் எழுந்து போய்விட்டார்.

அவர் போவதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, முன்னால் வைத்திருந்த பாட்டுப் பட்டியலை மடித்து வைத்தாள். வயலின்காரர் என்னம்மா என்பதுபோல் திரும்பினார். பிறகு நீலாம்பரி ராகத்தில் ஒரு பாட்டை எடுத்தாள். மிக மெதுவாக, பெரும்பாலும் கீழேயே உலவும்படி, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனாள். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் இருந்தது. நான் அப்போது கடைசி வரிசைக்குப் போயிருந்தேன். அங்கே எனக்கு ஒரு எழுத்துகூட விட்டுப்போகாமல் கேட்டது.

அப்போதுதான் முன்வரிசைப் பெரியவர், சற்றுமுன் ஏத்து என்றவர், மைக்செட்காரர் பக்கம் திரும்பிக் கையைக் கீழே கீழே என்று அழுத்திக் காட்டினார். “கொறைப்பா, கொறை. நல்லா கேக்குது.” பக்கத்திலிருந்தவரும் அப்படியே காட்டினார். தங்கவயலில் முன்வரிசை சத்தத்தைக் குறைக்கச் சொன்னதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. காது போனவர்களுக்குச் சத்தம் போட்டால் இரைச்சல்தான் கூடும். கனமான குரலில் நிறுத்தி நிதானமாகச் சொன்னால் சொல் போய்ச் சேரும். தாத்தாவோடு பேசி வளர்ந்த பெண்ணுக்கு அது பழக்கத்திலேயே இருந்திருக்கிறது. முதல் ஒரு மணி நேரம் அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு வேறு யாரையோ போலப் பாடியிருக்கிறாள்.

மறுநாள் டீக்கடையில் ஜெயராமன் சாரிடம் முதலில் சொன்னது முன்வரிசையைத்தான். அதனால் விமர்சனமும் அதில்தான் தொடங்கியது. அதற்குப் பிறகு கல்யாணியை எழுதினேன். ‘அவர் தேர்ந்தெடுத்த சுருதி அவருடைய குரலுக்கு உரியது அல்ல. மேலே ஏறும் இடங்களில் குரல் சுருதியை விட்டு வெளியே போனது; வேகம் கூடியபோது சொற்கள் கலைந்தன’ என்று எழுதினேன். நீலாம்பரியை அதே அளவுக்கு எழுதினேன். கடைசியில், ‘கற்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது’ என்று ஒரு வரி.

ஜெயராமன் சார் அந்த வரியில் விரலை வைத்தார்.

“தெரியாத பொண்ணா இருந்தா இதை எழுதுவியா?”

யோசித்தேன். “மாட்டேன் சார்.”

“அப்ப இது யாருக்கு? ஆறுமுகத்துக்கு நீ வளைஞ்சு கொடுக்கலைன்னு காட்டறதுக்கா?” என்று பேனாவை நீட்டினார். “நீயே அடிச்சுடு.” அடித்தேன்.

மாலையில் ஒரு நகைக்கடை விளம்பரம் வந்து பக்கத்தில் பாதியைத் தின்றுவிட்டது. பக்கம் போடுகிறவர் வழக்கம்போலக் கீழேயிருந்து வெட்டத் தொடங்கினார். கீழே இருந்தது நீலாம்பரி. அது போனால் அந்தப் பெண்ணைப் பற்றி உலகத்துக்குப் போவது கல்யாணி மட்டும்தான். நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அதை வெட்டினால் முழுவதையும் எடுத்துவிடுங்கள், அரைக் கச்சேரி என் பெயரில் வர வேண்டாம் என்றேன். சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது. ஜெயராமன் சார் எழுந்து வந்தார்.

“எதையாவது விட்டுத்தான் ஆகணும். எதை விடறே?”

கவுன்சிலர் பேச்சு, பொன்னாடை, விழாக் கமிட்டித் தலைவர், துணைத் தலைவர்கள், பொருளாளர், பிரசாதம் வழங்கியவர்கள் என்று ஒரு பத்தி இருந்தது. எங்கள் ஊரில் விமர்சனம் என்றால் பலருக்கு அந்தப் பத்திதான் விமர்சனம். அதை முழுதாக எடுத்துவிடுங்கள் என்றேன்.

“ஊர்ல உன்னை விடுவாங்களாம்மா?”

“விட மாட்டாங்க சார்.”

“சரி, எடுத்துடுங்க” என்றார் பக்கம் போடுகிறவரிடம்.

விடவில்லைதான். கமிட்டியிலிருந்து மூன்று பேர் வீட்டுக்கு வந்து, “தலைவரு பேரு இல்ல, தேர் இழுத்தவன் பேரு இல்ல, இன்னாம்மா பேப்பரு நடத்துறீங்கோ?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதைக்கூட சமாளித்துவிட்டேன். திங்கட்கிழமை காலை ரயிலில் எதிர் சீட் காலியாக இருந்தது. ஆறுமுகம் அண்ணன் பிளாட்பாரத்தில் என்னைத் தாண்டிப் போய் வேறு பெட்டியில் ஏறினார். ஏறும் முன் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: “நம்ம பொண்ணும்மா அது.” பெங்களூர்ச் செயலாளர் பேப்பரைப் பார்த்துவிட்டு, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாராம். அப்புறம் என்பது கடைசிவரை வரவில்லை.

வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு பெண்ணின் மேடையை நானே பிடுங்கிவிட்டேனோ என்று அந்த வாரம் முழுக்க அந்த விமர்சனத்தை மனதுக்குள் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் அதே வரிகள்தான் வந்தன. கேட்டதைத்தான் எழுதியிருந்தேன். இன்னொரு தடவை எழுதச் சொன்னாலும் அதையேதான் எழுதுவேன்.

அடுத்த வாரம் ரயில் கிளம்பும் நேரத்தில் தேன்மொழி எங்கள் பெட்டியில் ஏறினாள். அப்பாவின் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். சீட்டுக்கட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். திட்டத்தான் வந்திருக்கிறாள், திட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

“அக்கா, மேல ஏர்றப்ப சுருதிய வுட்டு வெளிய போச்சுன்னு எழுதிக்கீறீங்க” என்றாள். “எந்த எடத்துல?”

இதுவரை வேறு எந்தப் பாடகரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. ஏன் எழுதினாய் என்று கேட்டிருக்கிறார்கள். உனக்கென்ன தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள். எந்த இடம் என்று கேட்டவள் இவள் ஒருத்திதான்.

“கல்யாணிக் கீர்த்தனையில, அனுபல்லவி ரெண்டாவது வரியில. மேல போய் நிக்கறப்ப.”

கண்ணை மூடிக்கொண்டு அந்த வரியை மெல்லிய குரலில் பாடினாள். வெளியே போனது. நான் தலையசைத்தேன். திரும்பப் பாடினாள், மறுபடி போனது. மூன்றாவது தடவை சுருதியைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு போனாள். ரயில் சத்தத்துக்கு நடுவே அந்த இடத்தில் குரல் அசையாமல் நின்றது. எதிர்ப்பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாள் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

“இப்ப?”

“இப்ப இருக்குது.”

பெங்களூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்க எழுந்தவள் வாசல் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

“அப்பா கோவம் அப்படியேதான்கா இருக்கும். அது வேற. அடுத்த வருசமும் நம்ம ராமநவமில நான்தான் பாடப் போறேன். நீங்க வரணும். ஆனா போன தபா எழுதினத மறந்துட்டு வரணும். நல்லதையும் மறந்துடணும்.”

போனேன். மறந்துவிட்டுத்தான் போனேன். அவள் தன்னுடைய சுருதியில் பாடினாள். ஆலாபனை நன்றாக இருந்தது. கடைசியில் பாடிய தில்லானா தாளத்தில் ஓடிப்போனது. இரண்டையும் எழுதினேன். அது பேப்பரில் வந்த அன்று காலை, ரயில் கிளம்பும் முன்பே, எதிர் சீட்டில் வந்து உட்கார்ந்து எந்த இடம் என்று கேட்டாள்.